முதுகு ஊசியில் சேரும் இன்னொரு துளி

செங்கல்பட்டு மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஊரப்பாக்கத்துக்குக் கிழக்கே ரத்தினமங்கலத்தில் தாகூர், அதையும் தாண்டிக் கேளம்பாக்கத்தில் செட்டிநாடு. தெற்கே ஜிஎஸ்டி சாலையில் இறங்கினால் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி. மயக்கவியலில் எம்.டி. படிப்பவர் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் புரட்டுபவர் கண்ணில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பப் படும். முதுகில் போடும் மரப்பு மருந்தோடு இன்னொரு மருந்தைத் துளியளவு சேர்த்தால் வலியில்லாத நேரம் எவ்வளவு நீளும்? குளோனிடினா, டெக்ஸ்மெடிடோமிடினா, ஃபென்டனிலா, மிடாசோலமா, எது மேல்?

இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. அதை ஒட்டிக் கேட்கப்பட வேண்டிய வேறு கேள்விகள்தான் கேட்கப்படாமல் கிடக்கின்றன என்பது என் எண்ணம். சிசேரியனுக்கும் கால் எலும்பு முறிவுக்கும் குடலிறக்கத்துக்கும் இந்த ஊசியை நம்பிப் படுப்பவர்கள் நம் வீட்டு மனிதர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதில் மிகப் பெரும்பான்மை முதுகு ஊசியில் நடப்பது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆபரேஷன் தியேட்டரில் ‘பூபிவகெயின் ஹெவி’ என்று கேட்டு வாங்கும் மருந்தில் சர்க்கரைக் கரைசல் கலந்திருக்கும். தண்டுவட நீரைவிடக் கனமாக இருப்பதால் அது கீழே இறங்கித் தங்கும். அதில் இரண்டு அல்லது மூன்று மில்லி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், கால் அசையாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிகிற அறுவைக்கு அது தாராளம். அதன் பிறகு மரப்பு கலையத் தொடங்கும். மாலையில் அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவருக்கு இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வலி முழுதாக விழித்துக்கொள்ளும். அப்போது கிடைப்பது பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் ஊசி, சில இடங்களில் டிரமடால். முதுகில் மெல்லிய குழாயை விட்டு நாள் கணக்கில் மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையும் உண்டு. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற கை இரவு முழுவதும் வேண்டும். பல படுக்கைகளை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பார்க்கும் வார்டில் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஒரே ஊசியில் முடிந்தவரை அதிக நேரத்தை வாங்குவது இங்கே ஆடம்பரம் அல்ல. ஏழை நோயாளிக்கு உறுதியாகக் கிடைக்கும் ஒரே வலியடக்கம் அதுவாகவே இருக்கக்கூடும்.

மரப்பு மருந்தோடு துணைமருந்தாக வேறொன்றைச் சேர்க்கும் எண்ணம் மரப்பு மருந்தின் வயதையே கொண்டது. 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெயினைக் கண்ணில் விட்டு அறுவை செய்யலாம் என்று காட்டினார். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் அதை முதுகுத் தண்டின் நீரில் செலுத்தினார். பிறகு அவரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருவருக்கொருவர் சோதித்துப் பார்த்துப் பல நாள் தலைவலியில் படுத்தார்கள். முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலிக்கு அந்த மருத்துவர்களே சாட்சி. 1903இல் ஹைன்ரிஷ் பிரவுன் கொக்கெயினோடு அட்ரினலினைச் சேர்த்தார். ரத்தக்குழாய்கள் சுருங்கின, மருந்து ஊசி போட்ட இடத்திலேயே நெடுநேரம் தங்கியது. இன்று பல் மருத்துவர் போடும் ஊசி வரை அந்த உத்தி வாழ்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் 1976இல் வந்தது. ஓபியம் இன மருந்துகள் தண்டுவடத்திலேயே வேலை செய்து வலியை அடக்கும் என்பதை யாக்ஷும் ரூடியும் எலிகளில் காட்டினார்கள். மூன்றே ஆண்டில் அது புற்றுநோயாளிகளிடம் பயன்பட்டது. முதுகில் 100 மைக்ரோகிராம் மார்ஃபின் போதும், சிசேரியன் ஆன தாய்க்கு ஏறக்குறைய ஒரு நாள் வலி அடங்கியிருக்கும். உலகெங்கும் இன்றும் அளவுகோல் அதுதான். அரிப்பு, குமட்டல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் என்ற தொல்லைகள் அதற்கு உண்டு. மிக அரிதாக, பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு.

இந்தியாவில் இன்னொரு தடையும் இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதனால் மார்ஃபின் வாங்கி வைப்பதே மருத்துவமனைகளுக்குப் பல உரிமங்கள் தேவைப்படும் வேலையானது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட சில மருந்துகள் ‘இன்றியமையா’ வகையில் வந்து நடைமுறை எளிதானது. ஆனாலும் பூட்டிய அலமாரி, பதிவேடு, கையொப்பம் என்ற அச்சம் சிறிய மருத்துவமனைகளை விட்டுப் போய்விடவில்லை. அந்தச் சட்டத்துக்குள் வராத ஒரு மருந்து நன்றாக வேலை செய்தால் மயக்கவியலாளர் கை அதன் பக்கம் போவது இயல்பு. டெக்ஸ்மெடிடோமிடின் இந்தியத் தியேட்டர்களில் இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அறிவியலோடு இந்தக் காரணமும் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த மருந்தின் அண்ணன் குளோனிடின். 1960களின் தொடக்கத்தில் மூக்கடைப்புக்காக உருவாக்கப்பட்டது, ரத்த அழுத்தத்தைச் சரசரவென்று இறக்குவது தெரிந்ததும் பிபி மருந்தானது. 1984இல் டாம்சனும் கோர்டும் எபிடியூரல் வழியாக அதை வலிக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1996இல் கடும் புற்றுநோய் வலிக்கு எபிடியூரல் குளோனிடின் அனுமதி பெற்றது. பிரசவத்திலும் அறுவையை ஒட்டிய வலியிலும் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாது, ரத்த அழுத்தம் நிலைகுலையும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்தே வந்தது. டெக்ஸ்மெடிடோமிடின் கால்நடை மருத்துவத்தில் பழகிய மெடிடோமிடினின் வழி வந்தது. 1999 இறுதியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறக்கமூட்ட அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆல்பா-2 ஏற்பியைத் தேர்ந்து பற்றும் திறனில் குளோனிடினைவிட ஏழு, எட்டு மடங்கு கூர்மையானது.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. முதுகுத் தண்டின் பின்கொம்பில் வலிச்செய்தி ஒரு நரம்பணுவிடமிருந்து அடுத்ததற்குக் கைமாறும் இடம் இருக்கிறது. அங்குள்ள ஆல்பா-2 ஏற்பிகளை இந்த மருந்துகள் தூண்டும்போது அனுப்பும் பக்கத்தில் செய்திப்பொருள் சுரப்பு குறைகிறது, வாங்கும் பக்கம் மந்தமாகிறது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நீலநிறப் பகுதி அடங்கும்போது உறக்கம் வருகிறது. அது இயற்கைத் தூக்கத்தை ஒத்தது, தட்டி எழுப்பினால் கண் திறந்து பதில் சொல்வார். வழக்கமான அளவில் மூச்சு பெரிதாகக் குறைவதில்லை. எலும்பு அறுவைக்குப் படுத்தவர் முதுகு ஊசியில் விழித்திருந்தால் துளைக்கும் கருவியின் இரைச்சலையும் சுத்தியின் ஒலியையும் கேட்டுக்கொண்டேதான் கிடக்க வேண்டும். அவருக்கு இந்த லேசான உறக்கம் பெரிய கருணை. அறுவை மேசையில் வரும் நடுக்கமும் குறைகிறது.

எவ்வளவு நேரம் கூடுகிறது? 2006இல் பெய்ரூட்டிலிருந்து வந்த ஆய்வைப் பலரும் முன்மாதிரியாகக் கொண்டார்கள். சிறுநீர்ப்பை, புராஸ்டேட் அறுவைக்கு வந்த 60 பேர். பூபிவகெயின் மட்டும் பெற்றவர்களுக்குக் கால் அசைவு திரும்ப சராசரி 163 நிமிடம். 30 மைக்ரோகிராம் குளோனிடின் சேர்த்தபோது 216, வெறும் 3 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தபோது 250. 2013இல் அப்துல்லாவும் புருல்லும் 516 நோயாளிகளைக் கொண்ட ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்தார்கள். முதுகு ஊசியில் உணர்வு மரப்பு சராசரி 150 நிமிடம் நீண்டது, மூச்சு மந்தமானதாகப் பதிவில்லை. கைக்கான நரம்புப் பின்னலில் போடும் மரப்பூசியான பிளாக்கில் 7 விழுக்காட்டினருக்கு நாடித்துடிப்பு குறைந்து பிறகு சரியானது. அதே பிளாக்கைப் பற்றி 2017இல் 32 ஆய்வுகளைத் தொகுத்தபோது மரப்பும் வலியடக்கமும் பாதிக்கு மேல் நீண்டன. நாடி குறையும் வாய்ப்பும் கூடவே ஏறியது.

கேட்ட கேள்விக்கு இது தெளிவான விடை. இதற்குப் பிறகும் அதே 60 பேர், இரு குழு, அதே அளவு என்று ஆய்வு செய்வதில் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

இந்த மருந்து ஊசி போட்ட இடத்தில் வேலை செய்கிறதா, ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் செய்கிறதா என்பது நல்ல கேள்வி. ரத்தக்குழாய் வழி கொடுத்தாலே முதுகு மரப்பு நீள்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். நலமான தன்னார்வலரின் இரு கால்களிலும் நரம்பு பிளாக் போட்டு, ஒரு காலில் மட்டும் டெக்ஸ்மெடிடோமிடினைச் சேர்த்தார்கள். ரத்தம் இரு காலுக்கும் பொது. ஆகவே இரு கால்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அந்த இடத்தில் நடந்த வேலையின் அளவு மட்டுமே. வேறுபாடு இருந்தது, ஆனால் பெரிதில்லை. இந்தச் சோதனை நமக்கு ஏன் முக்கியம்? ரத்தக்குழாய் வழி கொடுத்தே பலனில் பெரும்பகுதி கிடைக்குமானால், நரம்பைத் தொட்டு மருந்து போடும் ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? கை பிளாக்குகளில் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகிறது. உறக்கமூட்டாத டெக்ஸாமெத்தசோன் அங்கே டெக்ஸ்மெடிடோமிடினைவிட இரண்டரை மணி நேரம் போல அதிக வலியடக்கம் தருகிறது என்று 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. நாடியையும் அது இறக்குவதில்லை.

மிடாசோலத்தின் கதை வேறு விதமான பாடம். இது தண்டுவடத்தில் காபா ஏற்பிகளின் செயலைக் கூட்டி வலியடக்கும். சண்டிகர் முதுநிலைக் கல்விக் கழகத்திலிருந்து 1999இலேயே நல்ல முடிவுகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் 1,100 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு கேடு எதுவும் தெரியவில்லை என்றது. ஆனால் விலங்குகளில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, சிலவற்றில் நரம்புத் திசு பாதிக்கப்பட்டிருந்தது. 2004இல் யாக்ஷும் ஆலனும் ஒழுங்குமுறையை முன்வைத்து எழுதினார்கள். எந்த மருந்தையும் மனிதத் தண்டுவட நீரில் விடுவதற்கு முன் விலங்குகளில் திசுச் சோதனை முடிந்திருக்க வேண்டும், இங்கே மனிதர்கள் முன்னால் போய்விட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இன்றும் அப்படியே நிற்கிறது.

முதுகில் சேர்க்கப்படும் இன்னொரு மருந்தான கெட்டமினிலும் இதே கவலை. அதன் குப்பிகளில் பென்ஸெத்தோனியம் குளோரைடு போன்ற பதப்பொருள் இருக்கும். பல முறை எடுக்கும் மிடாசோலம் குப்பியில் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். ரத்தக்குழாயில் போகும்போது பெரிதாகத் தெரியாத இவை தண்டுவட நீரில் நரம்பைச் சுட்டுவிடக்கூடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குளோரோபுரோகெயின் தவறுதலாகத் தண்டுவட நீரில் போய்ச் சிலருக்கு நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டபோது, சந்தேகம் அதில் பதப்பொருளாக இருந்த பைசல்ஃபைட் மீது விழுந்தது. அதற்கும் முன்பு, 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகு ஊசி பெற்ற வூலி, ரோ என்ற இருவருக்குக் கால்கள் செயலிழந்தன. ஆம்பூல்கள் ஃபீனால் கரைசலில் ஊறவைக்கப்பட்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஃபீனால் உள்ளே கசிந்திருக்கும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதன்பின் பல்லாண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் முதுகு ஊசியை அஞ்சி ஒதுக்கினார்கள்.

டெக்ஸ்மெடிடோமிடினின் மூலத் தயாரிப்பில் பதப்பொருள் இல்லை என்பது ஆறுதல். ஆனால் அதற்கு அனுமதி ரத்தக்குழாய் வழிக்கு மட்டும்தான். முதுகில் போடுவது மருத்துவர் தம் பொறுப்பில் செய்வது. நோயாளியிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இன்னும் எளிய ஆபத்து ஒன்று உண்டு. அதை அளவைக் குழப்பம் என்று சொல்லலாம். டெக்ஸ்மெடிடோமிடின் ஆம்பூலில் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். முதுகில் வேண்டியதோ 5, அதாவது 0.05 மில்லி. சாதாரண சிரிஞ்சில் அது கண்ணுக்கே பிடிபடாது. அதனால் பலர் இன்சுலின் சிரிஞ்சை எடுக்கிறார்கள். நம் நாட்டில் புழங்கும் 40 யூனிட் சிரிஞ்சில் இரண்டு யூனிட் என்றால் 5 மைக்ரோகிராம். கையில் கிடைத்தது 100 யூனிட் சிரிஞ்சு என்றால் ஐந்து யூனிட். நூறின் பழக்கத்தில் நாற்பதில் ஐந்து யூனிட் எடுத்துவிட்டால் அளவு 12.5 ஆகிவிடும். முதலில் உப்புநீரில் கலந்து மில்லிக்கு 10 மைக்ரோகிராம் என்று ஆக்கி, அதிலிருந்து அரை மில்லி எடுப்பது இதைவிடப் பாதுகாப்பானது. இன்னொருவர் பார்த்து உறுதி செய்தால் மேலும் நல்லது. தியேட்டர் தட்டில் ஆம்பூல்கள் ஒன்றுபோல இருப்பது எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2022 எச்சரிக்கை சான்று. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் பூபிவகெயின் என்று தவறாக எடுக்கப்பட்டு முதுகில் போனதைப் பற்றியது அது. அந்தத் தவறில் உயிர்கள் போயிருக்கின்றன. முதுகு ஊசியில் இன்னொரு மருந்தைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஆம்பூலும் இன்னொரு கணக்கும் இன்னொரு பிழை வாய்ப்பும் கூடவே சேர்கின்றன.

ஆய்வுகளின் தரத்தையும் பேசியாக வேண்டும். நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் 18 முதல் 60 வயது வரையான, வேறு நோயில்லாத அல்லது லேசான நோயுள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து வருபவர் 75 வயதுப் பாட்டி. சர்க்கரை, ரத்த அழுத்தம், பீட்டா பிளாக்கர் மாத்திரை எல்லாம் அவரோடு சேர்ந்து வரும். நாடியை இறக்கும் மருந்து அவரிடம் என்ன செய்யும் என்பதை நலமான முப்பது வயதுக்காரரின் எண்கள் சொல்லா. வாய்வழி குளோனிடினைப் பத்தாயிரம் அறுவை நோயாளிகளிடம் சோதித்து 2014இல் வெளிவந்த பாய்ஸ்-2 ஆய்வில் கவலைக்குரிய ரத்த அழுத்தச் சரிவும், உயிர் பிழைத்த இதய நிறுத்தங்களும் கூடின. அது வேறு வழி, வேறு அளவு. ஆனாலும் முதியவர் விஷயத்தில் மறக்கக் கூடாத முடிவு.

நம்பகத்தன்மை பற்றிய சங்கடமும் இருக்கிறது. ‘அனஸ்தீசியா’ என்ற பிரிட்டிஷ் இதழின் ஆசிரியர்களில் ஒருவரான ஜான் கார்லைல், 2017 முதல் 2020 வரை அந்த இதழுக்கு வந்த 526 ஆய்வுகளை ஆராய்ந்தார். நோயாளி வாரியான தரவைப் பார்க்க முடிந்தவற்றில் 44 விழுக்காட்டில் பொய்யான தரவு இருந்தது. அவர் ஆராய்ந்தது துணைமருந்து ஆய்வுகளை மட்டும் அல்ல, நம் கல்லூரிகளைக் குறித்தும் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சிறிய, ஒற்றை மைய ஆய்வுகளைக் கூட்டி எடுக்கும் சராசரியைக் கண்ணை மூடி நம்ப முடியாது என்பதற்கு அது போதும்.

நேரம் நீள்வது எப்போதும் நன்மைதானா? ஜிஎஸ்டி சாலை விபத்துகளை நினைத்துப் பாருங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இரு சக்கர வண்டியில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வருபவருக்குத் தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்தவோட்டம் நிற்கும் ஆபத்து உண்டு. அதற்கு முதல் அறிகுறி தாங்க முடியாத வலி. மரப்பு ஆழமாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த அறிகுறி மறைந்து, காலை இழக்க நேரலாம். சிசேரியன் ஆன தாய்க்கோ வலி போனால் மட்டும் போதாது. எழுந்து உட்கார வேண்டும், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், கால் அசைய வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் வலியடக்கத்தோடு கால் செயலிழப்பையும் நீட்டுகிறது. ‘வலியில்லாமல் எத்தனை மணி’ என்ற ஒற்றை எண்ணில் இவை எதுவும் வராது.

சிசேரியன் ஆன தாய்மார்களிடம் வேறொரு நம்பிக்கையும் ஆழமாக இருக்கிறது. ‘முதுகுல ஊசி போட்டதுலருந்துதான் இடுப்பு வலி’ என்று எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும், சிலருக்குத் தலைவலி வரும், அவை உண்மை. நீடித்த முதுகுவலிக்கும் முதுகு ஊசிக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. கர்ப்பம், தூக்கமின்மை, குனிந்து செய்யும் வேலை எல்லாம் அந்த வலியில் பங்கெடுக்கின்றன. ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எதற்கு என்று யாரும் விளக்காமல் விட்டால் பழி ஊசியின் மேல்தான் விழும். துணைமருந்து சேர்த்ததைச் சொல்லாமல் விடுவது அந்த அவநம்பிக்கையை வளர்க்கும்.

துணைமருந்தை அதிகம் நம்பாத வழியும் ஒன்று உண்டு. நரம்பு பிளாக்குகளை அல்ட்ராசவுண்டு பார்த்துப் போட்டால் மருந்தின் அளவையே குறைக்கலாம், துணைமருந்தின் தேவையும் குறையக்கூடும். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்டு கருவியும் பதிவாக வேண்டியிருப்பதால் மயக்கவியலாளருக்கு அதுவும் ஒரு சுமை. சட்டத்தின் நோக்கத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தியேட்டருக்குள் நரம்பு பார்க்கும் கருவிக்குத் தனி எளிய வழி வகுப்பது அந்த நோக்கத்துக்கு எதிரானதாகாது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, 5 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின் பயனுள்ள மருந்து, ஓபியம் இன மருந்து எளிதில் கிடைக்காத இடத்தில் அதைக் கைவிடக் கூடாது என்றே சொல்வேன். மிடாசோலத்தையும் கெட்டமினையும் முதுகில் போடுவதை வழக்கமாக்கக் கூடாது. டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்த நோயாளி வார்டுக்குப் போகும்போது மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம், எத்தனை மணி வரை நாடியும் பிபியும் பார்க்க வேண்டும், நாடி எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும் என்பன கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆய்வுக்கு இந்த மாவட்டத்தைவிட வசதியான இடம் குறைவு. ஒரே மாவட்டத்தில் சில மணி நேரத் தொலைவுக்குள் இத்தனை மயக்கவியல் துறைகள், ஆண்டுதோறும் ஆய்வேடு எழுத வேண்டிய இத்தனை மாணவர்கள். ஆளுக்கு 60 பேரைத் தனித்தனியாக எடுப்பதற்குப் பதில் ஐந்து கல்லூரிகள் ஒரே நெறிமுறையில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் ஆயிரம் நோயாளிகளைத் தாண்டலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களை உள்ளே எடுக்கலாம். இரவு நாடி எவ்வளவு குறைந்தது, யார் கவனித்தார், தாய் எப்போது எழுந்து நடந்தார், மறுநாள் காலை நோயாளி தூங்கி எழுந்தாரா என்று அளக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்துக் காலில் மரமரப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் 2018 ஏப்ரல் முதல், முன்கூட்டியே பதியும் ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறது. ஆய்வேடுகளையும் அதில் பதியலாம். எதை அளக்கப்போகிறோம் என்பது முதல் நோயாளி மேசையில் ஏறும் முன்பே அங்கே எழுதப்பட்டிருக்கும், முடிவு வந்தபின் அதைச் சத்தமின்றி மாற்றுவது கடினம்.